செலோபேன் குழாயில் ஓடிய குருதி

என் பெரியப்பா தன் கடைசி ஐந்தாண்டுகளை ஒரு எவர்சில்வர் சொம்பை வைத்து வாழ்ந்தார். நாளொன்றுக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று மருத்துவர் வரையறுத்திருந்தார். அதில் காபி, ரசம், மாத்திரை விழுங்கும் வாய் நீர் எல்லாமே அடக்கம். காலையில் பெரியம்மா அந்தச் சொம்பை நிரப்பி வைப்பாள். அன்றைக்கு அவர் எதைக் குடித்தாலும் அதே அளவு தண்ணீரைச் சொம்பிலிருந்து கொட்டிவிட வேண்டும். சொம்பு காலியானால் அன்றைய கணக்கு முடிந்தது. கொல்லையில் ஆறு தென்னைகள் நின்றன. ஆனால் இளநீரில் இருக்கும் பொட்டாசியம் அவருடைய இதயத்தை நிறுத்திவிடக் கூடும். காய்கறிகளை வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் சமைப்பார்கள். வாழைப்பழம் இல்லை, கருவாடு இல்லை, ஊறுகாய் இல்லை. சித்திரை மாதத்தில் ஒரு பனிக்கட்டித் துண்டை நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்.

செவ்வாய், வியாழன், சனி ஆகிய மூன்று நாட்களும் டயாலிசிஸ். நான்கு மணிநேரம். அந்த நான்கு மணிநேரத்தில் எந்திரத்தின் வழியே ஏறத்தாழ 120 லிட்டர் சுத்திகரித்த நீர் ஓடும். அரை லிட்டருக்குமேல் குடிக்க அனுமதியில்லாத ஒரு மனிதரின் குருதியைக் கழுவ 120 லிட்டர்! இந்தக் கணக்கை நான் அவரிடம் சொன்னபோது, "அதுல ஒரு டம்ளர் கேட்டுப் பாரேன்" என்றார்.

பாடநூல்கள் இதைக் கூழ்மப்பிரிப்பு என்கின்றன. ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்தச் சொல்லை யாரும் உச்சரித்து நான் கேட்டதில்லை. "டயாலிசிஸ் போட வந்திருக்கோம்" என்பார்கள், கஞ்சி போட்ட சட்டையைப் போல. எந்திரத்தின் பக்கத்தில் கழிந்த அந்த மணிநேரங்களில்தான் அதன் வரலாற்றை வாசிக்கத் தொடங்கினேன். எந்திரத்தின் வரலாறு என்று எண்ணித்தான் ஆரம்பித்தேன். வாசிக்க வாசிக்க, அந்த எந்திரத்தின் பக்கத்து நாற்காலியில் யார் உட்காரலாம் என்பதன் வரலாறாக அது மாறிக்கொண்டே போனது.

தொடக்கம் மிகவும் சாதுவானது. தாமஸ் கிரஹாம் என்னும் ஸ்காட்லாந்து வேதியியலாளர் 1861-இல் ஓர் உண்மையைப் பதிவு செய்தார். சில மெல்லிய சவ்வுகள் சிறு மூலக்கூறுகளைக் கடந்துபோக விடும். பெரிய மூலக்கூறுகளைத் தடுத்து நிறுத்திவிடும். உப்பும் யூரியாவும் போய்விடும், புரதம் போகாது. இந்தப் பிரிப்புக்கு டயாலிசிஸ் என்று பெயரிட்டவர் அவர்தான். அவர் அதை மருத்துவத்தில் பயன்படுத்திப் பார்க்கவில்லை. அரைநூற்றாண்டு கழித்து, 1913-இல், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜான் ஏபெலும் அவரது சகாக்களும் ஒரு நாயின் குருதியைக் கொலோடியன் குழாய்களுக்குள் ஓடவிட்டு, மீண்டும் அதன் உடலுக்கே திருப்பினார்கள். உடலுக்கு வெளியே வந்தால் குருதி உறைந்துவிடுமே! அதைத் தடுக்க அட்டைகளின் தலையிலிருந்து பிரித்தெடுத்த ஹிருடின் என்னும் பொருளைப் பயன்படுத்தினார்கள். 1924-இல் ஜெர்மனியின் கீசன் நகரில் கியோர்க் ஹாஸ் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இதைச் செய்து பார்த்தார். கால் மணிநேரம்தான். பெரிய பலனில்லை. நல்ல சவ்வும் இல்லை, பாதுகாப்பான உறைவெதிர்ப்பு மருந்தும் இல்லை. ஹாஸ் சில ஆண்டுகளில் முயற்சியைக் கைவிட்டார். அவரை உலகம் மறந்தே போனது.

இனி நெதர்லாந்து. 1938-இல் குரோனிங்கன் மருத்துவமனையில் வில்லெம் கோல்ஃப் என்னும் இளம் மருத்துவரின் பொறுப்பில் 22 வயது இளைஞன் ஒருவன் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்தான். குடியானவர் வீட்டுப் பிள்ளை. பார்வை மங்கி, வாந்தியெடுத்து, சிறுகச் சிறுகப் போய்க்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு உடுத்தும் கறுப்பு உடையும் வெள்ளைச் சரிகைத் தொப்பியும் அணிந்து வந்திருந்த அவன் தாயிடம், அவளுடைய ஒரே மகன் பிழைக்கமாட்டான் என்று கோல்ஃப் சொல்ல வேண்டியிருந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின்னும் அந்தத் தொப்பியை அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். நாளொன்றுக்கு 20 கிராம் யூரியாவை அவன் உடலிலிருந்து எப்படியாவது எடுத்துவிட்டால் அவன் வாழலாம் என்ற கணக்கு அப்போது அவருக்குத் தோன்றியது. வெறும் 20 கிராம். சமையலறையில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் அளவு.

குரோனிங்கனில் பேராசிரியர் பிரிங்க்மன் அவருக்குச் செலோபேனை அறிமுகம் செய்துவைத்தார். கொத்திறைச்சியை அடைத்து விற்பதற்குக் கசாப்புக்காரர்கள் பயன்படுத்திய செயற்கைத் தோல் அது. கோல்ஃப் அந்தக் குழாயில் கொஞ்சம் குருதியை ஊற்றி, அதில் யூரியாவைக் கலந்து, உப்புநீரில் இட்டுக் குலுக்கினார். ஐந்தே நிமிடங்களில் யூரியா ஏறத்தாழ முழுவதும் வெளியேறிவிட்டது. ஹெப்பாரின் என்னும் உறைவெதிர்ப்பு மருந்தும் அப்போது கிடைக்கத் தொடங்கியிருந்தது. மிச்சம் இருந்தது தச்சுவேலையும் கொல்லுவேலையும்தான்.

அதற்குள் போர் வந்துவிட்டது. 1940 மே 10-ஆம் நாள் ஜெர்மானிய விமானங்கள் வந்தபோது கோல்ஃப் ஒரு துக்க நிகழ்ச்சிக்காகத் ஹேக் நகரில் இருந்தார். நேராக அங்கிருந்த மருத்துவமனைக்குப் போய், சில நாட்களில் ஒரு குருதி வங்கியை நிறுவிக் கொடுத்தார். ஐரோப்பியப் பெருநிலத்தின் முதல் குருதி வங்கி என்று அதைச் சொல்கிறார்கள். அதே மாதம் குரோனிங்கனில் அவருடைய பேராசிரியரும் யூதருமான போலக் டேனியல்ஸ் தன் மனைவியோடு தற்கொலை செய்துகொண்டார். அந்த இடத்துக்கு ஒரு நாஜி ஆதரவாளர் நியமிக்கப்பட்டார். அவரின்கீழ் பணிபுரிய மனமில்லாமல் 1941-இல் கோல்ஃப் காம்பன் என்னும் சிற்றூரின் சிறிய மருத்துவமனைக்கு இடம்பெயர்ந்தார்.

ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த ஒரு நாட்டில், ஆராய்ச்சிக்கூடம் இல்லாத ஓர் ஊரில் உருவானது அந்த எந்திரம். காம்பனில் எனாமல் பாத்திரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அதன் நிர்வாகி ஹெண்ட்ரிக் பெர்க் தொட்டியைச் செய்து கொடுத்தார். சட்டங்களால் ஆன ஓர் உருளை அந்தத் தொட்டியில் படுத்தவாக்கில் பாதி மூழ்கியிருக்கும். அதன்மேல் பல மீட்டர் நீளச் செலோபேன் குழாய் சுற்றப்பட்டிருக்கும். உருளை சுழலும்போது குழாய்க்குள் இருக்கும் குருதி தன் எடையாலேயே அடிப்பக்கத்தில் தங்கி, உப்புநீரில் நனைந்தவாறே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகரும். சுழலும் பாகத்துக்கும் நிலையான பாகத்துக்கும் இடையில் ஒழுகாத இணைப்பு வேண்டும். அதற்கு ஃபோர்டு மோட்டார் வாகனத்தின் நீரேற்றியில் இருந்த அமைப்பைப் பின்பற்றினார்கள். கசாப்புக்கடைத் தோல், குளியல்தொட்டி, கார் உதிரிபாகம். இன்றைக்கு அந்தப் படங்களைப் பார்த்தால் அகலமான சலவை எந்திரம் போலத் தோன்றுகிறது. செய்ததும் சலவைதானே.

1943 மார்ச்சில் முதல் நோயாளி. 29 வயதுப் பெண். சிறுநீரகங்கள் சுருங்கிப்போயிருந்தன. முதலில் சிறிதளவு குருதியை எடுத்துக் கழுவித் திருப்பிச் செலுத்தினார். பிறகு துணிந்து தொடர்ச்சியாக ஓடவிட்டார். பன்னிரண்டு முறை சிகிச்சை. அவள் தெளிந்தாள், பேசினாள். ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குருதிக்குழாயைத் திறக்க வேண்டியிருந்தது. திறந்ததை மீண்டும் பயன்படுத்த முடியாது. ஒரு நாள் திறப்பதற்கு இனி இடமில்லை என்றானது. எந்திரம் வேலை செய்தது, அதை உடலோடு பிணைக்கும் வாசல்தான் தீர்ந்துபோனது. அதன் பிறகு வந்தவர்களும் ஒருவர்பின் ஒருவராக இறந்தார்கள். முதல் பதினாறு பேரில் ஒருவர் பிழைத்தார். எந்திரம் இல்லாமலும் அவர் பிழைத்திருக்கக் கூடும் என்று கோல்ஃபே ஒப்புக்கொண்டார். பதினைந்து சாவுகளைப் பார்த்த பிறகும் ஒரு மனிதர் பதினேழாவது முறை அந்த உருளையைச் சுழற்றியிருக்கிறார். இதைத் துணிவு என்பதா, பிடிவாதம் என்பதா? நோயாளி பிழைத்ததால் நாம் துணிவு என்கிறோம்.

அந்தப் பதினேழாவது ஆளைப் பற்றித்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். 1945 செப்டம்பர். போர் முடிந்துவிட்டது. ஆக்கிரமிப்பாளர்களோடு ஒத்துழைத்தவர்களைப் பிடித்து அடைத்திருந்தார்கள். அப்படிச் சிறைப்பட்டிருந்த 67 வயது மூதாட்டி ஒருத்தி, பித்தப்பை அழற்சியோடும் சல்ஃபா மருந்தால் முடங்கிய சிறுநீரகத்தோடும் நினைவிழந்த நிலையில் கொண்டுவரப்பட்டாள். அவள் கழுத்தை நெரித்துவிட ஊரில் பலருக்கு ஆசை இருந்தது என்று கோல்ஃப் பின்னாளில் சொன்னார். அவரும் நாஜிகளை வெறுத்தவர்தான்; தன் ஆசிரியரைப் பறிகொடுத்தவர். ஆனாலும் அவளுடைய குருதியில் யூரியா எவ்வளவு என்பதைத்தான் பார்த்தார். பதினொன்றரை மணிநேரம் உருளை சுழன்றது. கோல்ஃப் குனிந்து கூப்பிட்டபோது அவள் கண் விழித்தாள். கணவனை விவாகரத்து செய்யப் போகிறேன் என்பதுதான் அவள் முதலில் சொன்னது. அப்படியே செய்தாள். சிறுநீரகங்கள் மீண்டும் இயங்கத் தொடங்கின. மேலும் சில ஆண்டுகள் வாழ்ந்து வேறொரு நோயில் இறந்தாள்.

போருக்குப் பின் கோல்ஃப் தன் எந்திரங்களை லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் மான்ட்ரியலுக்கும் இலவசமாகவே அனுப்பி வைத்தார். 1950-இல் அமெரிக்காவில் குடியேறி, பிற்காலத்தில் செயற்கை இதயத்திலும் உழைத்து, 2009-இல் 97 வயதில் மறைந்தார்.

ஆனால் காம்பனின் அந்த முதல் பெண்ணின் சிக்கல் அப்படியே இருந்தது. திடீரென்று பழுதான சிறுநீரகம் தானாகத் தேறும்வரை சில நாட்கள் தாங்கிப்பிடிக்கத்தான் எந்திரம் உதவியது. நிரந்தரமாகப் பழுதானவர்களுக்கு அது ஒன்றும் செய்ய முடியவில்லை. சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவரிடம் ஒருவர் கொண்டுவரப்பட்டார். தேறிவிடக் கூடிய நோய் என்று எண்ணி டயாலிசிஸ் செய்தார்கள், எழுந்து உட்கார்ந்தார். பிறகுதான் சிறுநீரகங்கள் முற்றிலும் அழிந்துவிட்டன என்று தெரிந்தது. வீட்டுக்கு அழைத்துப்போய் இறக்க விடுங்கள் என்று மனைவியிடம் சொல்ல வேண்டியிருந்தது. இது ஸ்கிரிப்னரை உறங்கவிடவில்லை. ஒரு நாள் நடுநிசியில் விடை தோன்றியது. ஒவ்வொரு முறையும் ஏன் திறக்க வேண்டும்? தமனியில் ஒரு குழாய், சிரையில் ஒரு குழாய், இரண்டையும் கைக்கு வெளியே வளைவான ஒரு குழாயால் இணைத்துவிட்டால் குருதி ஓடிக்கொண்டே இருக்கும். தேவைப்படும்போது இணைப்பைக் கழற்றி எந்திரத்தில் மாட்டிக்கொள்ளலாம். அப்போது புதிதாக வந்திருந்த டெஃப்லான் குருதியை ஒட்டவிடாது. வெய்ன் குவின்டன் என்ற பொறியாளர் அதைச் சூடாக்கி வளைத்துக் கொடுத்தார்.

1960 மார்ச் 9 அன்று போயிங் ஆலையில் பணிபுரிந்த கிளைட் ஷீல்ட்ஸ் என்பவரின் கையில் அது பொருத்தப்பட்டது. அவர் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். மனித வரலாற்றில் முதன்முறையாக, இன்றியமையாத ஓர் உறுப்பு முற்றிலும் செத்துப்போன பிறகும் மனிதர்கள் ஆண்டுக்கணக்கில் வாழத் தொடங்கினார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. அதுவரை எல்லோரும் இறந்தார்கள். ஆகவே யாரிடமும் கேள்வி இல்லை. இப்போது பிழைக்க வைக்க முடியும், ஆனால் எல்லோரையும் அல்ல. எந்திரங்கள் சில, செலவோ ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர். 1962 ஜனவரியில் சியாட்டிலில் தனி டயாலிசிஸ் நிலையம் திறக்கப்பட்டபோது, மருத்துவர்கள் முதலில் வடிகட்டினார்கள். குழந்தைகள் வேண்டாம், 45 வயதுக்கு மேற்பட்டவர்கள் வேண்டாம். எஞ்சியவர்களில் யார் என்பதைத் தீர்மானிக்க ஊர்ப் பெரியவர்கள் ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது. ஒரு வழக்குரைஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர். ஊதியம் இல்லை, பெயர் வெளியே தெரியாது. நோயாளிகளின் பெயரும் அவர்களுக்குத் தெரியாது.

1962 நவம்பரில் லைஃப் இதழில் ஷானா அலெக்சாண்டர் அந்தக் குழுவைப் பற்றி நீண்ட கட்டுரை எழுதினார். வயது, பால், மணமானவரா, எத்தனை குழந்தைகள், வருமானம், சொத்து, கல்வி, மனஉறுதி, கடந்தகாலச் சாதனை, எதிர்காலச் சாத்தியம் என்று குழு பார்த்தவற்றையெல்லாம் அவர் அடுக்கினார். தேவாலயத்துக்குப் போகிறாரா என்பதும் பேச்சில் வந்தது. தந்தை இறந்தால் மூன்று குழந்தைகளுள்ள விதவைக்கு மறுமணம் கைகூடலாம், ஆறு குழந்தைகளுள்ள விதவைக்கு அரிது என்ற கோணத்தில்கூட விவாதித்திருக்கிறார்கள். படிக்கும்போது நம் ஊர்ப் பெண்பார்க்கும் படலம் நினைவுக்கு வந்தது. சில ஆண்டுகள் கழித்து இரு அறிஞர்கள் இதைக் கடுமையாகச் சாடினார்கள். நடுத்தர வர்க்கம் தன் சாயலில் இருப்பவர்களையே காப்பாற்றுகிறது. தோரோ போன்ற ஒருவருக்கு அங்கே சிறுநீரகம் பழுதானால் கதி அவ்வளவுதான் என்ற பொருளில் எழுதினார்கள்.

அந்த எழுவரையும் கொடியவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்களால் தாங்க இயலாத ஒரு வேலையை ஊருக்காகச் சுமந்தவர்கள் அவர்கள். ஆனால் காம்பனின் மூதாட்டியை அந்த மேசைமீது வைத்துப் பாருங்கள். 67 வயது, சிறைக்கைதி, துரோகி, மணவாழ்க்கை கசந்தவள். ஏழில் ஒரு வாக்கு விழுந்திருக்குமா?

1964-இல் பள்ளிச் சிறுமி ஒருத்தியைச் சிறு வயது காரணமாகக் குழு ஏற்கவில்லை. அவள் தந்தையின் நண்பரும் பொறியாளருமான ஆல்பர்ட் பேப், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து நான்கே மாதங்களில் வீட்டில் வைத்து இயக்கக் கூடிய எந்திரம் ஒன்றைச் செய்துவிட்டார். மறுக்கப்பட்ட ஒரு பிள்ளைக்காகப் பிறந்தது அந்த வீட்டு எந்திரம். அதே ஆண்டு ஸ்கிரிப்னர் ஒரு மருத்துவச் சங்கத்தின் தலைமையுரையில் இந்தச் சிக்கல்களை எல்லாம் மறைக்காமல் பேசினார். போதும் என்று சொல்லி எந்திரத்தை விட்டு விலக விரும்பும் நோயாளிகளைப் பற்றியும் பேசினார். (ஸ்கிரிப்னர் ஒரு படகுவீட்டில் வசித்தார், பல்கலைக்கழகத்துக்குத் துடுப்புப்படகிலேயே போய்வந்தார். 2003-இல் அந்தப் படகுவீட்டின் அருகே நீரில் மூழ்கி இறந்துகிடந்தார்.)

1971 நவம்பரில் ஷெப் கிளேசர் என்ற நோயாளி அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் எந்திரத்தைப் பூட்டிக்கொண்டு சாட்சியம் சொன்னார். உறுப்பினர்களின் கண்முன்னே அவருடைய குருதி குழாயில் ஓடியது. சில நிமிடங்கள்தான். மறு ஆண்டு அக்டோபர் 30-இல் நிக்சன் கையொப்பமிட்ட சட்டம், ஏறத்தாழ எல்லா அமெரிக்கருக்கும் இந்தச் சிகிச்சையின் செலவை அரசே ஏற்க வகைசெய்தது. எழுவர் குழுவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இன்று அங்கே ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் டயாலிசிஸில் வாழ்கிறார்கள்.

தொழில்நுட்பம் மேலும் வளர்ந்தது. 1966-இல் நியூயார்க்கின் பிராங்ஸில் சிமினோ, பிரெஸ்கியா, ஆப்பெல் ஆகியோர் தமனியையும் சிரையையும் தோலுக்கடியிலேயே இணைத்துவிடும் முறையை வெளியிட்டார்கள். சிரை பருத்து, ஊசி ஏற்கத் தகுந்ததாகிறது. பெரியப்பாவின் இடது மணிக்கட்டில் இருந்தது அதுதான். காதை வைத்துக் கேட்டால் வண்டு முரல்வது போலிருக்கும். பேரப்பிள்ளைகள் வரிசையில் நின்று கேட்பார்கள். 1989-இல் எரித்ரோபாய்ட்டின் மருந்து வந்தபின் நோயாளிகளின் நிரந்தரச் சோகை நீங்கியது. 1954-இல் பாஸ்டனில் ஜோசஃப் மர்ரே ஒத்த இரட்டையரிடையே செய்து காட்டிய மாற்றுச் சிறுநீரக அறுவை, சைக்ளோஸ்போரின் வந்த எண்பதுகளில் பரவலானது.

இந்தியாவில் 1971-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. டயாலிசிஸ் என்ற சொல்லைச் செய்தித்தாள் வாசகர்களிடம் கொண்டுசேர்த்தவர் ஜெயப்பிரகாஷ் நாராயண் என்றே நினைக்கிறேன். 1975-இல் நெருக்கடிநிலைக் காவலில் இருந்தபோது அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்தன. பம்பாய் ஜஸ்லோக் மருத்துவமனையில் சிகிச்சை. 1977-இல் ஓர் ஆட்சியை வீழ்த்தி இன்னொன்றை அமர்த்திய அந்த மனிதர் எந்திரத்தின் தயவில் வாழ்ந்தவர். 1979 மார்ச்சில் அவர் இறந்துவிட்டதாக நாடாளுமன்றத்திலேயே பிரதமர் மொரார்ஜி தேசாய் அறிவித்து அஞ்சலியும் செலுத்திவிட்டார். ஜே.பி.யோ உயிரோடிருந்தார்; மறைந்தது அந்த அக்டோபர் 8-ஆம் நாள். தமிழகத்துக்கு இந்த நோயை அறிமுகப்படுத்தியவர் எம்.ஜி.ஆர். 1984 டிசம்பரில் நியூயார்க்கின் புரூக்ளினில் அவருக்குச் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. கொடுத்தவர் அவருடைய அண்ணன் மகள். படுக்கையில் இருந்தபடியே தேர்தலில் வென்றார்.

அதே ஆண்டுகளில் சென்னையில் இன்னொன்றும் நடந்தது. வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்று இதழ்கள் எழுதின. கடனில் மூழ்கியவர்கள், பெரும்பாலும் பெண்கள், விலாவில் ஒரு தழும்போடு திரும்பினார்கள். உறுப்பு விற்பனையைத் தடைசெய்த சட்டம் 1994-இல் வந்தது. 2002-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைச் சந்தித்தது. 96 விழுக்காட்டினர் கடனை அடைக்க விற்றவர்கள். பெற்றது சராசரியாக 1,070 டாலர். விற்றபின் குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெரும்பாலோர் இன்னும் கடனில்தான் இருந்தார்கள். அங்கே எழுவர் குழு எதுவும் கூடவில்லை. வட்டிக்காரனும் தரகனும் போதுமானதாக இருந்தது. 2008-இல் தமிழக அரசு மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளை முறையாகப் பகிரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் பதிந்து காத்திருந்தவர்களில் பெரியப்பாவும் ஒருவர். அழைப்பு வரவில்லை.

ஒரு சனிக்கிழமை, எந்திரம் ஓடிக்கொண்டிருந்தபோது காம்பனின் மூதாட்டி கதையை அவரிடம் சொன்னேன். சிறை, பித்தப்பை, பதினொன்றரை மணிநேரம் எல்லாவற்றையும் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நான் நிறுத்தினேன்.

"அப்புறம், அந்தம்மா சொன்னபடி புருஷன விட்டுட்டாளா?"

"விட்டுட்டா, பெரியப்பா."

எதிரே நாற்காலியில் மாலை ஆறு மணிக்காகக் காத்திருந்த பெரியம்மாவை ஒருமுறை பார்த்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஒரு துண்டு ஐஸ் கேட்டார்.